தமிழ்த் திரைப்படங்களில் உளவியல் திகில்

உளவியல் திகில் என்பது, பேயுருவம், குருதி, திடீர் ஓசை போன்ற புறப்பொருட்களைக் காட்டிலும் கதைமாந்தரின் குற்றவுணர்வு, நினைவுப் பிறழ்வு, துயரம், அவர்கள் வாழும் இடத்தின் சூழல் ஆகியவற்றைக் கொண்டு பார்ப்போரிடம் அச்சத்தை உண்டாக்கும் திரைப்பட வகை ஆகும். திகில் திரைப்படங்களின் ஓர் உட்பிரிவாக இது கருதப்படுகின்றது. தமிழில் இவ்வகைப் படங்கள் எண்ணிக்கையில் குறைவு. யாவரும் நலம் (2009), பீட்சா (2012), மாயா (2015), கேம் ஓவர் (2019) ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. உலக அளவில் 1998 ஆம் ஆண்டிற்குப் பின் இவ்வகைக்குப் பெரும் புகழ் தேடித் தந்தவற்றுள் தென்கொரியத் திரைப்படங்கள் முக்கியமானவை. தமிழ்ப் பார்வையாளர் பலர் கொரியப் படங்களைத் தேடிப் பார்ப்பதற்கான காரணங்களும், தமிழ்ப் படங்கள் அதே பொருளை வேறு விதமாகக் கையாண்டமைக்கான காரணங்களும் ஒரே இடத்தில் இருந்து தொடங்குகின்றன. அவ்விடம் குடும்பம் ஆகும்.

(குறிப்பு: இக்கட்டுரையில் சில படங்களின் கதை முடிவுகள் வெளிப்படுத்தப்படுகின்றன. படங்களை முதன்முறையாகப் பார்க்க விரும்புவோர் அப்பகுதிகளைத் தவிர்த்துப் படிக்கலாம்.)

அச்சம்: வரையறையும் விளக்கமும்

அச்சத்தை வகைப்படுத்தும் முயற்சி தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தைக் கூறி, அது பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கைக் குறிப்பிடுகின்றது. அணங்கு என்பது பேய், தெய்வம் முதலிய வருத்தும் ஆற்றல்களைக் குறிக்கும். இறை என்பது அரசன், தந்தை, ஆசிரியர் போன்று நம்மைக் கேள்வி கேட்கும் உரிமை உடையோரைக் குறிக்கும். முதல் மூன்றிலும் அஞ்சுபவர் குற்றமற்றவராக இருக்கலாம். நான்காவதில் அவ்வாறில்லை. இறைமுன் அஞ்சுபவர் பெரும்பாலும் தாம் செய்த பிழைக்காகவே அஞ்சுகின்றார்.

இப்பகுப்பு உளவியல் திகிலை விளக்குவதற்கு மேலைநாட்டுக் கோட்பாடுகளைப் போன்றே பயன்படக் கூடியது. சாதாரணப் பேய்ப்படத்தில் அச்சம் அணங்கிடமிருந்து வருகின்றது. கொலைகாரனைப் பற்றிய படத்தில் அது கள்வரிடமிருந்து வருகின்றது எனலாம். உளவியல் திகில் படத்திலோ அணங்கும் இறையும் ஒருவராகி விடுகின்றனர். இரவில் கதவருகே வந்து நிற்கும் உருவம், கதைத் தலைவர் யாருக்குத் தீங்கு இழைத்தாரோ, யாரைக் காப்பாற்றத் தவறினாரோ, அவருடைய உருவமாகவே இருக்கின்றது. அதனிடமிருந்து ஓடுவதற்கு இடம் இல்லை. ஏனெனில் அது கேட்கும் கேள்வி நியாயமானது.

ஆஸ்திரிய உளப்பகுப்பாய்வாளர் சிக்மண்ட் பிராய்டு 1919 இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், மிகவும் பழக்கமான ஒன்று திடீரென அயலானதாகத் தோன்றும்போது உண்டாகும் கலக்கத்தை ஆராய்ந்தார். அவர் பயன்படுத்திய செருமானியச் சொல்லின் நேர்ப்பொருள் 'வீட்டுத்தன்மை அற்றது' என்பதாகும். பல்கேரியாவில் பிறந்த பிரெஞ்சு இலக்கியத் திறனாய்வாளர் தொடோரோவ் 1970 இல் வேறொரு கோணத்தை முன்வைத்தார். நடப்பது இயற்கைக்கு அப்பாற்பட்டதா, அன்றி மனமயக்கமா என்று முடிவு செய்ய இயலாத தயக்கமே இத்தகைய கதைகளின் உயிர் என்பது அவர் கருத்து. தயக்கம் தீர்ந்தவுடன் கதை வேறு வகைக்கு மாறிவிடும். இவ்வளவு கோட்பாடு இக்கட்டுரைக்குப் போதுமானது.

வீடு

உளவியல் திகில் படங்கள் பெரும்பாலும் ஒரு வீட்டினுள் நிகழ்வது தற்செயலானது அன்று. காட்டில் அஞ்சுவதற்குக் காரணம் தேவையில்லை. உண்டு உறங்கும் இடத்தில் அஞ்சுவதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். அக்காரணம் அவ்வீட்டில் வாழ்ந்தோரிடமே இருக்கும்.

தமிழ்நாட்டில் இதை உணர விரும்பும் மாணவர் புதுக்கோட்டை மாவட்டத்தின் திருமயம் வட்டத்திலுள்ள கோனாபட்டு, கடியாபட்டி, இராயவரம் போன்ற ஊர்களுக்குச் சென்று வரலாம். செட்டிநாடு என்னும் நிலப்பகுதி சிவகங்கை மாவட்டத்தை மட்டும் சார்ந்தது எனப் பலர் எண்ணுகின்றனர்; அதன் ஒரு பகுதி புதுக்கோட்டை மாவட்டத்தினுள் அமைந்துள்ளது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் வணிகம் செய்த நகரத்தார் இங்கு மிகப் பெரிய வீடுகளைக் கட்டினர். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என ஒன்றன்பின் ஒன்றாக அமையும் இவ்வீடுகளில், தலைவாயிலில் நின்றால் வரிசையாக உள்ள நிலைகளின் ஊடே பின்வாசல் வரை பார்க்க இயலும். வளவைச் சுற்றிலும், திருமணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்ற முறையில் பூட்டிய சிறு அறைகள் காணப்படும். இன்று இவற்றுள் பல ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. உரிமையாளர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ வாழ்வர். திருமணம், படைப்பு முதலிய நிகழ்வுகளுக்காக வீடு திறக்கப்படும். கடியாபட்டியில் உள்ள சிதம்பர விலாசம் போன்ற சில, தங்கும் விடுதிகளாக மாற்றப்பட்டுள்ளன.

இத்தகைய வீட்டில் அச்சம் எவ்வாறு பிறக்கின்றது என்பது எளிதில் விளங்கக் கூடியது. நடுவே வானம் திறந்திருப்பதால் வளவில் வெளிச்சம் மிகுதி. அதனைச் சுற்றியுள்ள அறைகளில் இருள் மிகுதி. வெளிச்சத்தில் நிற்பவருக்கு அறைக்குள் இருப்பது தெரியாது. அறைக்குள் இருப்பவருக்கு வெளிச்சத்தில் நிற்பவர் நன்றாகத் தெரிவார். நூறு பேருக்காகக் கட்டப்பட்ட இடத்தில் காவலர் ஒருவர் மட்டும் வாழும்போது, ஓசை வர வேண்டிய இடங்களில் ஓசை இல்லாமையே கவனத்தை ஈர்க்கின்றது. திரைப்பட ஒளிப்பதிவாளர்கள் பெருமுயற்சி செய்து உருவாக்கும் சூழல் இங்கு கட்டடத்தின் அமைப்பிலேயே உள்ளது. தமிழ்த் திரைப்படங்கள் செட்டிநாட்டு வீடுகளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் ஊர்ப் பெரியவரின் செல்வாக்கைக் காட்டும் களங்களாகவும், திருமணப் பாடல்களுக்கான பின்னணியாகவுமே பயன்பட்டன. பூட்டிய அறைகளின் வரிசையை மையமாகக் கொண்ட ஒரு சிறந்த திகில் படம் இன்னும் எடுக்கப்பட வேண்டியதாகவே உள்ளது.

இறந்தோரும் குடும்பமும்

மேலே குறிப்பிட்ட படைப்பு என்பது நகரத்தார் குடும்பங்களில் இறந்த முன்னோருக்குச் செய்யப்படும் வழிபாடு ஆகும். புத்தாடையும் உணவும் படைத்து, இறந்தவரைக் குடும்பத்தின் உறுப்பினராகவே நினைவுகூர்வர். தமிழ்நாட்டின் பிற சமூகத்தவரிடையே, சுமங்கலியாக இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்ற பெயரில் திருமணத்திற்கு முன் வழிபடும் வழக்கம் உண்டு. கொரியாவில் இதற்கு இணையானது சேசா எனப்படும் முன்னோர் வழிபாடு ஆகும். இறந்தவரின் நினைவு நாளிலும் அறுவடைத் திருநாளிலும் உணவு படைத்து வணங்குவது இன்றும் அங்கு வழக்கில் உள்ளது. இரு பண்பாடுகளிலும் இறந்தவர் வெளியில் இருந்து வரும் அயலார் அல்லர். அவர் உறவினர். உரிய மரியாதை செய்யப்பட்டவர் தெய்வமாகின்றார்; அநீதியாக இறந்து, கவனிக்கப்படாமல் போனவர் பேயாகின்றார்.

கொரிய மொழியில் அநீதியால் மாண்டவரின் ஆவி வொன்ஹோன் எனப்படும். திருமணம் ஆகாமல் இறந்த இளம்பெண்ணின் ஆவி வெள்ளை உடையும் அவிழ்ந்த கருங்கூந்தலும் கொண்டதாகக் கூறப்படுகின்றது. இவற்றுள் புகழ் பெற்ற கதை, சோசான் அரச மரபுக் காலத்தைச் சேர்ந்த ஜாங்வா, ஹோங்ரியோன் என்னும் இரு சகோதரிகளின் கதை ஆகும். மாற்றாந்தாய் மூத்தவளின் படுக்கையில் தோலுரித்த எலியை வைத்து, அவள் கருச்சிதைவுற்றாள் என்று பழி சுமத்துகின்றாள். மூத்தவள் குளத்தில் மூழ்கடிக்கப்படுகின்றாள். இளையவளும் அதே குளத்தில் விழுந்து மாள்கின்றாள். பின்னர் இருவரும் அவ்வூருக்கு வரும் நடுவர்முன் இரவில் தோன்றுகின்றனர். வரும் நடுவர் ஒவ்வொருவரும் அச்சத்தாலேயே இறந்து போகின்றனர். இறுதியில் வந்த துணிவுள்ள நடுவர் ஒருவர் மட்டும் அமர்ந்து அவர்கள் கூறுவதைக் கேட்கின்றார். சான்றாக வைத்திருந்த பொருளை அறுத்துப் பார்த்து, அது எலி என்று கண்டறிந்து நீதி வழங்குகின்றார். அப்பெண்கள் யாரையும் கொல்ல வரவில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது. அவர்கள் மனு கொடுக்க வந்தனர்.

தமிழில் இதனுடன் ஒப்பிடத்தக்கது பழையனூர் நீலியின் கதை ஆகும். திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டிற்கு அருகில் பழையனூர் உள்ளது. முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்ட பெண், மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைப் பின்தொடர்ந்து, கையில் குழந்தையுடன் பழையனூர் வேளாளர் எழுபதின்மரின் அவைக்கு வருகின்றாள். தான் அவன் மனைவி என்றும், அவன் தன்னைக் கைவிடுகின்றான் என்றும் அழுது முறையிடுகின்றாள். அவையோர் அவளை நம்பி, அவனுக்குத் தீங்கு நேரின் தம் உயிரைத் தருவதாக வாக்களித்து, இருவரையும் ஓரிடத்தில் தங்க வைக்கின்றனர். இரவில் அவள் அவனைக் கொல்கின்றாள். வேளாளர் எழுபதின்மரும் வாக்கைக் காத்துத் தீயில் இறங்குகின்றனர். திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இந்நிகழ்ச்சி பற்றிய குறிப்பு உள்ளது.

இரு கதைகளிலும் பேய் ஓர் அவைக்கு வருகின்றது. கொரியக் கதையில் அவை கேட்கின்றது. தமிழ்க் கதையில் அவை ஏமாறுகின்றது. நீலி கொல்லப்பட்டது அக்கதையின்படியே உண்மை. ஆயினும் மக்கள் நினைவு வேளாளரின் வாய்மையைப் போற்றியது. போலி அழுகைக்கு 'நீலிக்கண்ணீர்' என்று பெயரிட்டது. கொலையுண்ட பெண்ணின் அழுகை பொய்க்கு எடுத்துக்காட்டாக ஒரு மொழியில் நிலைத்து விட்டது என்பது சிந்தனைக்குரியது. பிற்காலத் தமிழ்ப் பேய்ப் படங்கள் பலவற்றில் பேயின் முறையீட்டைக் கேட்பதைவிட அதனை ஓட்டுவதே முதன்மை பெறுவதை நோக்கும்போது, இவ்வேறுபாடு நினைவிற்கு வருகின்றது.

கொரியப் படங்கள்

கிம் கி-யோங் இயக்கிய பணிப்பெண் (1960) இம்மரபின் முன்னோடி ஆகும். இதில் பேய் இல்லை. வருந்தி உழைத்து இரண்டு மாடி வீடு கட்டிய குடும்பம் ஒன்று, வேலைக்கு வந்த பெண்ணால் சிதைவதை இப்படம் காட்டுகின்றது. மாடிப்படியும் எலி நஞ்சும் இதில் அச்சப் பொருட்களாகின்றன. வளரும் நடுத்தரக் குடும்பம் தான் தேடிய வசதியைக் கண்டே அஞ்சும் இக்கதை, பின்னாளில் பாரசைட் (2019) படத்தின் இயக்குநர் போங் சூன்-ஹோவையும் ஈர்த்தது.

திரைப்படங்களுக்கு முன்கூட்டியே தணிக்கை செய்வது அரசியலமைப்பிற்கு முரணானது எனக் கொரிய அரசியலமைப்பு நீதிமன்றம் 1996 இல் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் வெளிவந்த விஸ்பரிங் காரிடார்ஸ் (1998), பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நிகழ்வது. தேர்வை மட்டுமே நோக்கமாகக் கொண்ட கல்வியும், ஆசிரியரின் கொடுமையும் இதில் கதைப்பொருள். இறந்த மாணவி ஒருத்தி ஆண்டுக்கணக்கில் அதே வகுப்பறைக்கு வந்து செல்கின்றாள், யாரும் கவனிக்கவில்லை. அவ்வளவு கவனிப்பே மாணவருக்குக் கிடைத்தது என்பதே படம் கூறும் செய்தி. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதிய தமிழ் மாணவருக்கு இதற்கு உரை தேவைப்படாது. இத்தொடரில் 2021 வரை ஆறு படங்கள் வெளிவந்துள்ளன.

கிம் ஜீ-வூன் இயக்கிய எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ் (2003), மேலே கூறிய இரு சகோதரிகளின் நாட்டுப்புறக் கதையைத் தழுவியது. இதன் கொரியப் பெயரே 'ஜாங்வா, ஹோங்ரியோன்' என்பதாகும். 1924 இலேயே ஊமைப்படமாக எடுக்கப்பட்ட இக்கதை பின்னரும் பலமுறை படமாக்கப்பட்டுள்ளது. 2003 ஆம் ஆண்டுப் படத்தில் சூ-மி என்னும் பெண் மனநல மருத்துவமனையிலிருந்து நாட்டுப்புறத்தில் உள்ள தன் வீட்டிற்குத் திரும்புகின்றாள். வீட்டில் பேசாத தந்தை, கடுமையான மாற்றாந்தாய் உன்-ஜூ, அஞ்சி ஒடுங்கிய தங்கை சூ-யோன் ஆகியோர் உள்ளனர். பூவேலை செய்த சுவர்த்தாள், மங்கிய விளக்கு, ஓர் உடை அலமாரி ஆகியவற்றைக் கொண்டே இயக்குநர் நீண்ட நேரம் அச்சத்தைத் தாங்கி நிற்கின்றார்.

தங்கை முன்னரே இறந்து விட்டாள் என்பதும், நாம் கண்ட மாற்றாந்தாய் பெரும்பாலான காட்சிகளில் சூ-மியின் மனம் உருவாக்கிய மற்றோர் ஆளுமையே என்பதும் பின்னர் தெரிய வருகின்றது. மறுமுறை பார்க்கும்போது, தந்தை ஏன் இளைய மகளிடம் பேசவே இல்லை என்பதும், 'மனைவிக்கு' ஏன் மாத்திரை கொடுத்தார் என்பதும் விளங்குகின்றன. காட்சிகள் அவையேதாம், அவற்றின் பொருள் மட்டும் முழுவதுமாக மாறிவிடுகின்றது. முதல் பார்வையில் அச்சமூட்டிய தந்தையின் மௌனம், இரண்டாம் பார்வையில் ஒரு தந்தையின் இயலாமையாகத் தெரிகின்றது. இப்படத்தை மீண்டும் மீண்டும் பார்ப்போர் பலர் இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம் எனலாம்.

எல்லாவற்றிற்கும் வேராக இருப்பது ஒரு சிறு நிகழ்வு. தாய் அலமாரியினுள் தூக்கிட்டு இறக்கின்றாள். அவளை மீட்க முயன்ற தங்கையின்மீது அலமாரி சாய்கின்றது. ஓசை கேட்டு வந்த உன்-ஜூ அதனைக் கண்டும் விலகுகின்றாள். எதிர்ப்பட்ட சூ-மி அவளோடு சினந்து பேசிவிட்டு, மாடியில் நடப்பதை அறியாமல் வீட்டை விட்டு வெளியே நடக்கின்றாள். அவள் செய்த தவறு அவ்வளவே. நம்மில் எவரும் சினத்தில் வீட்டை விட்டு வெளியேறியிருப்போம். நாட்டுப்புறக் கதையில் பேயின் குறையைக் கேட்க ஒரு நடுவர் இருந்தார். இப்படத்தில் நடுவர் இல்லை. சூ-மியே குற்றவாளி, நடுவர், பேய் ஆகிய மூவரும் ஆகின்றாள். அதே வேளையில், வீட்டில் உண்மையிலேயே ஓர் ஆவி உள்ளதற்கான அறிகுறிகளையும் படம் விட்டுச் செல்கின்றது. தொடோரோவ் கூறிய தயக்கம் இறுதிவரை தீர்வதில்லை. இப்படத்தை அமெரிக்காவில் தி அன்இன்வைட்டட் (2009) என்ற பெயரில் மீண்டும் எடுத்தனர்.

நா ஹோங்-ஜின் இயக்கிய தி வெய்லிங் (2016) வீட்டிலிருந்து ஊருக்கு விரிகின்றது. மகளுக்கு நோயா, பேயா என்று அறியாத காவலர் ஒருவர், பூசாரி, அயல்நாட்டார், வெள்ளை உடை அணிந்த பெண் ஆகிய மூவருள் யாரை நம்புவது என்று தடுமாறுகின்றார். இதில் இடம்பெறும் முழவொலி மிகுந்த பேயோட்டும் சடங்கைப் பார்க்கும் தமிழருக்கு உடுக்கை ஒலி நினைவிற்கு வராமல் இருக்காது.

தமிழ்ப் படங்கள்

தமிழில் தொடக்க முயற்சிகள் துப்பறியும் கதைகளோடு கலந்தே காணப்பட்டன. எஸ். பாலசந்தர் இயக்கிய அந்த நாள் (1954) பாடல்களே இல்லாமல் வெளிவந்தது. இது திகில் படம் அன்று. ஆயினும் பாடல் இல்லாதபோது இறுக்கம் குலையாமல் நிற்கும் என்பதைத் தமிழில் முதலில் காட்டியது. புதுக்கோட்டையில் பிறந்த ஜெமினி கணேசன் நடித்த சாந்தி நிலையம் (1969), ஆங்கிலப் புதினமான ஜேன் அயரின் தாக்கம் கொண்டது. பெரிய வீட்டில் மறைத்து வைக்கப்பட்ட மனைவி என்னும் கரு அப்புதினத்தின் வழியே உலகெங்கும் பரவிய ஒன்று. பாலு மகேந்திராவின் மூடுபனி (1980) கொலைகாரனின் மனத்தைக் கதையாக்கியது.

பெரும் வெற்றி பெற்றது பி. வாசு இயக்கிய சந்திரமுகி (2005) ஆகும். இதன் மூலம் பாசில் இயக்கிய மணிச்சித்திரத்தாழ் (1993) என்னும் மலையாளப் படம். பழைய மாளிகையின் பூட்டிய அறையைத் திறக்கும் பெண், அங்கு முன்னர் கொல்லப்பட்ட நடன மங்கையாகத் தன்னைக் கருதத் தொடங்குகின்றாள். ஒரு பெண்ணின் உடலில் இரு ஆளுமைகள் என்னும் இக்கரு, எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ் படத்தின் கருவேதான். மலையாளப் படம் அதற்குப் பத்து ஆண்டுகள் முந்தியது. வேறுபாடு தீர்வில் உள்ளது. இங்கு மனநல மருத்துவர் வருகின்றார், மந்திரவாதியின் துணையோடு ஒரு சடங்கை நாடகமாக நடத்தி, பழிவாங்கி விட்டதாக அவளை நம்ப வைக்கின்றார், நோய் நீங்குகின்றது. மருத்துவமும் சடங்கும் கைகோத்த இம்முடிவு அரங்கிற்கு நிறைவளித்தது. ஆயின் தயக்கம் அங்கேயே முடிந்து விடுகின்றது. சூ-மிக்குத் திரும்பிச் செல்ல மருத்துவமனை மட்டுமே இருந்தது.

விக்ரம் குமார் இயக்கிய யாவரும் நலம் (2009) இவ்வகையில் தமிழின் சிறந்த படம் எனக் கூறுவது மிகையாகாது. கூட்டுக்குடும்பம் ஒன்று பதின்மூன்றாம் மாடியில் புதிய வீட்டிற்குக் குடியேறுகின்றது. வீட்டுப் பெண்கள் நாள்தோறும் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரில் நடப்பவை தம் வீட்டிலும் நடப்பதை மனோகர் (மாதவன்) மட்டும் கவனிக்கின்றான். மின்தூக்கி பிறருக்கு இயங்குகின்றது. அவன் தனியே ஏறினால் இயங்குவதில்லை. பாழடைந்த மாளிகையோ வெள்ளைச் சேலையோ இல்லாமல், பி. சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவில், நன்கு வெளிச்சமான ஒரு வரவேற்பறையே அச்சத்திற்கு உரியதாக மாறுகின்றது. அத்தொடரில் தோன்றுவோர் பல ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் இருந்த வீட்டில் கொலையுண்ட குடும்பத்தினர். தமக்கு நேர்ந்ததைக் கூறுவதற்கு அவர்கள் தேர்ந்த அவை, தமிழ்க் குடும்பம் நாள்தவறாமல் கூடும் ஒரே அவையான தொலைக்காட்சிப் பெட்டியின் முன்புறம். நடுவர்முன் தோன்றிய சகோதரிகளின் மரபை இப்படம் அறிந்தோ அறியாமலோ தொடர்கின்றது.

கார்த்திக் சுப்புராஜின் முதல் படமான பீட்சா (2012) எதிர்த்திசையில் செல்கின்றது. பீட்சா கொண்டு செல்லும் இளைஞன் (விஜய் சேதுபதி) ஒரு பங்களாவில் அகப்பட்டுக் கொள்ள, கைவிளக்கின் ஒளியிலேயே படத்தின் பெரும்பகுதி நகர்கின்றது. அவன் கூறிய பேய்க்கதை, வைரங்களைக் கைப்பற்றுவதற்காக முதலாளியிடம் கூறிய பொய் எனப் பின்னர் வெளிப்படுகின்றது. நீலிக்கண்ணீரின் புதிய வடிவம் எனலாம். இப்படத்தின் குறைந்த செலவும் வெற்றியும் பல புதிய இயக்குநர்களுக்கு வழி திறந்தன.

அஸ்வின் சரவணன் இயக்கிய மாயா (2015), கறுப்பு வெள்ளைப் பகுதிகளைக் கொண்டு, மனநலக் காப்பகம் ஒன்று இருந்த மாயவனம் என்னும் காட்டைச் சுற்றிக் கதை சொல்கின்றது. அவரே இயக்கிய கேம் ஓவர் (2019), பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒரு பெண், அந்நிகழ்வின் ஆண்டு நிறைவு நெருங்கும்போது அடையும் நடுக்கத்தைக் காட்டுகின்றது. அவளுக்கு இருளைக் கண்டால் அச்சம். அவள் கையில் பச்சை குத்தப் பயன்பட்ட மையில், கொலையுண்ட மற்றொரு பெண்ணின் சாம்பல் தவறுதலாகக் கலந்துள்ளது. இங்கு இறந்தவள் அச்சுறுத்த வரவில்லை. உயிரோடிருப்பவளுக்குத் துணையாக வருகின்றாள்.

இவற்றுக்கு இடையில் தமிழ்த் திரையரங்குகளை நிரப்பியவை காஞ்சனா (2011), அரண்மனை (2014) முதலிய நகைச்சுவைப் பேய்ப் படங்களே. இவற்றை இகழ்வது எளிது. ஆனால் காஞ்சனாவிலும் நிலத்திற்காகக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கையின் முறையீடே கதையின் நடுவில் உள்ளது. முறையீட்டிற்கு முன்னும் பின்னும் சிரிப்பு வைக்கப்பட்டமையால், குழந்தைகளுடன் வந்த குடும்பம் அதனை அமர்ந்து கேட்டது.

ஒலியும் இடைவேளையும்

கொரியப் படங்களின் ஈர்ப்பில் பாதி ஒலியமைப்பைச் சார்ந்தது. திடீர் ஓசையால் உண்டாகும் அதிர்ச்சி ஓர் அனிச்சைச் செயல். பழகப் பழகக் குறையும். நீண்ட அமைதியோ பார்ப்பவரைக் காது கொடுக்கச் செய்கின்றது. மரத்தரை நெரியும் ஓசை, மூச்சு, தொலைவில் ஒரு கதவு ஆகியவற்றைத் தேடிக் கேட்கத் தொடங்கியவர், தம் அச்சத்தைத் தாமே உருவாக்கும் பணியில் இயக்குநருக்குக் கூட்டாளியாகி விடுகின்றார். சட்டகத்தின் ஓரத்தில் வெற்றிடம் விட்டு வைப்பதும் இதே நோக்கம் கொண்டதே. வீட்டில் தனியே, காதொலிக் கருவியுடன் பார்க்கும்போது இப்படங்கள் கூடுதலாகத் தாக்குவதற்கு இது காரணம். நிறைந்த அரங்கில் யாரேனும் ஒருவர் பேய்க்குப் பதிலுரை கூறி விடுவார்.

தமிழ்ப் படத்திற்கு இடைவேளை, பாடல் என்னும் இரு தடைகள் உள்ளன. இடைவேளையில் ஓர் உச்சநிலை தேவை என்பதால் தயக்கத்தைப் பாதியிலேயே ஓரளவு அவிழ்க்க நேர்கின்றது. ஏறத்தாழ 100 நிமிடங்களே ஓடும் கேம் ஓவர், இத்தடைகளைத் தவிர்த்தால் எவ்வளவு இறுக்கம் கிடைக்கும் என்பதற்குச் சான்றாகும்.

மனநோயும் பேயும்

நோயா, பேயா என்னும் தயக்கம் திரையில் இன்பம் தருவது. வெளியில் அவ்வாறு அன்று. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகத்து 6 அன்று, தனியார் காப்பகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். பேய் பிடித்ததாகக் கருதப்பட்டு, தர்காவில் குணமாகும் என்ற நம்பிக்கையில் உறவினரால் கொண்டு வந்து விடப்பட்டோர் அவர்களுள் இருந்தனர். இந்நிகழ்வை உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக் கொண்டது. மனநோயாளரைச் சங்கிலியிடுவதை 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கின்றது.

ஏர்வாடித் தீக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த சந்திரமுகியில், மனநோய் ஒரே இரவில், ஒரு சடங்கில் தீர்கின்றது. அப்படம் மருத்துவரையே நாயகனாக்கி, நோய் என்ற சொல்லைப் பல இலட்சம் பேரிடம் கொண்டு சேர்த்ததையும் மறுக்க இயலாது. கொரியப் படங்களும் இவ்வகையில் குற்றமற்றவை அல்ல. ஒருவருள் பல ஆளுமைகள் இருக்கும் நிலை திரையில் காட்டப்படுவது போன்று வன்முறையோடு பிணைந்தது அன்று என மருத்துவர்கள் கூறுகின்றனர். எனினும், எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ் தொடங்குவது ஒரு மருத்துவர் சூ-மியை நோக்கிக் கேட்கும் கேள்வியோடு. அன்று என்ன நடந்தது என்று அவர் பொறுமையாகக் கேட்கின்றார். அவள் தலை குனிந்து அமர்ந்திருக்கின்றாள். அவர் மீண்டும் கேட்கின்றார்.